லால்பாக் பாறையும் புரூஸ் ஃபுட் துரையும்

பெங்களூருவில் வசிக்கும் நம் உறுப்பினர்களில் லால்பாக் போகாதவர் இருக்க முடியாது. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துப் போகும் இடமும் அதுதான். கண்ணாடி மாளிகை, மலர்க் கண்காட்சி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கெம்பே கௌடர் கோபுரம் நிற்கும் பெரிய பாறைமேல் ஏறி மூச்சு வாங்குவோம். என் போன்ற ஓய்வு பெற்றவர்கள் காலை நடை முடிந்ததும் உட்காருவது அந்தப் பாறையில்தான். அது 300 கோடி ஆண்டு பழமையானது என்றும், தேசிய நிலவியல் சின்னம் என்றும் ஜியாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியா அங்கே ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறது. பெரும்பாலோர் அதன்மேல் சாய்ந்துகொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், படிப்பவர் குறைவு.

சென்ற வருஷம் விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் அதைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். இத்தனை பழைய பாறை என்றால் இதற்குள்ளும் தங்கம் இருக்குமா, இல்லை என்றால் நூறு கிலோமீட்டர் தள்ளி கோலாரில் மட்டும் ஏன் இருந்தது என்று. நான் படித்தது பி.எஸ்ஸி.; நிலவியல் துணைப்பாடம். பார்த்ததோ நாற்பது வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக சர்க்கார் ஃபைல்கள். ஆனாலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னால் போதும் என்று தோன்றியது. பேரனிடம் அரைகுறையாகச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்காக இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபுட். பள்ளிப் புத்தகத்தில் வந்த பெயர்தான். பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கைக்கோடாரியைக் கண்டெடுத்தவர் என்று ஒரு வரி மனப்பாடம் செய்திருப்போம். அந்த ஒரு வரி அவருடைய புகழைத் தூக்கி நிறுத்திவிட்டு, அவருடைய உத்தியோகத்தை மறைத்துவிட்டது. அவர் சம்பளம் வாங்கியது கோடாரிக்காக அல்ல, பாறைக்காக. தென்னிந்தியாவின் தங்கமும் இரும்பும் தாமிரமும் எந்தப் பாறையோடு சேர்ந்து இருக்கின்றன என்று கோடு போட்டுக் காட்டியவர் அவர்.

பிறந்தது 1834 செப்டம்பர் 22, இங்கிலாந்தில் செல்டனம் என்ற ஊரில். 1858இல், 24 வயதில், ஜியாலஜிகல் சர்வேயில் உதவி நிலவியலாளராகச் சேர்ந்தார். சிப்பாய்க் கலகம் அடங்கி, கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்த வருஷம். துறையே அப்போது ஏழு வயதுக் குழந்தை. தாமஸ் ஓல்ட்ஹாம் என்பவர் கல்கத்தாவில் தலைவர். நிலக்கரி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் ரயிலுக்கு ஆகும் என்பதுதான் சர்க்காரின் முதல் அக்கறை. ஃபுட்டை மதராசுக்கு அனுப்பினார்கள். அதன்பின் 33 வருஷம் அவருடைய வேலை பெரும்பாலும் நம் தெற்குப் பகுதியில்தான்.

அவருடைய குடும்பத்திலும் தமிழ்த் தொடர்பு உண்டு. 1862இல் அவர் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய பெர்சிவல்தான் அவர்; பின்னாளில் மதராஸ் பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். மாமனார் தமிழ் அகராதி தொகுக்க, மாப்பிள்ளை தமிழ்நாட்டுக் கற்களைத் தொகுத்தார்.

அந்தக் கால நிலவியல் அதிகாரியின் வேலை எப்படி என்று நம்மில் பலருக்குத் தெரியாது. மழை ஓய்ந்ததும் கூடாரம், மாட்டு வண்டி, குதிரை, சுத்தியல், வரைபடம் என்று புறப்பட வேண்டும். நாளுக்குச் சில மைல். ஒவ்வொரு ஓடைக்கரையிலும், ஒவ்வொரு கரட்டிலும் இறங்கி, பாறையை உடைத்துப் பார்த்து, வரைபடத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். வெயில் கடுமையானதும் திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டும். நான் உத்தியோகத்தில் இருந்தபோது பயணப்படி பில் எழுதவே சலித்துக்கொண்டவன். ஃபுட் இப்படி முப்பது பருவங்களுக்கு மேல் நடந்திருக்கிறார்.

முதல் சில வருஷங்கள் வில்லியம் கிங் என்ற சகாவோடு சேலம், திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு. சேலத்துக் கஞ்சமலையின் காந்த இரும்புக்கல் அடுக்குகளை இவர்கள் இருவரும் வரைபடமாக்கினார்கள். மலையைச் சுற்றிப் பட்டை பட்டையாக இரும்புக் கல், நடுவே வெங்கச்சங்கல். அந்த மாதிரிப் பட்டைகளை ஃபுட் பின்னால் பெல்லாரியில் இன்னும் பெரிதாகப் பார்க்கப் போகிறார். 

1863 மே 30இல் பல்லாவரத்தில் சரளைக்கல் வெட்டிய பள்ளம் ஒன்றில் கை வைத்துச் செதுக்கிய ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. ஐரோப்பாவில் அப்போதுதான் இப்படிப்பட்ட கற்களைக் கொண்டு மனித இனத்தின் பழமையைப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதைப் படித்து வைத்திருந்ததால் இவருக்கு விஷயம் புரிந்தது. நான்கு மாதத்தில், செப்டம்பர் 28ஆம் தேதி, கிங்குடன் சேர்ந்து பூண்டி அருகே அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கண்டார். அந்த இடத்துக் கருவிகள் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று சாந்தி பாப்பு குழுவினர் 2011இல் அறிவியல் முறையில் நிறுவினார்கள். இது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். நான் தங்கத்துக்குப் போகிறேன்.

அடுத்து ஃபுட்டை அனுப்பியது வடக்குக் கர்நாடகப் பகுதிக்கு. பெல்காம், தார்வாட், கலாதகி ஜில்லாக்கள். அப்போது அதைத் தென் மராட்டிய நாடு என்பார்கள். இன்றைய கதக் நகருக்குத் தெற்கே கப்பத்தகுட்டம் என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அருகே டம்பள் என்ற பழைய ஊர். அந்த ஓடைகளில் தங்கத்தூள் கிடைக்கிறது என்ற பேச்சு வெகு நாளாக இருந்தது. உள்ளூரில் ஜால்காரர் என்ற வகுப்பார் தலைமுறை தலைமுறையாக ஓடை மணலை அலசித் தங்கம் எடுத்துவந்தார்கள்.

நம் வீட்டுப் பெண்மணிகள் அரிசி களைந்து கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தை லேசாகச் சாய்த்து ஆட்டினால் இலேசான அரிசி தண்ணீரோடு மேலே வரும், கனமான கல் அடியில் தங்கும். தங்கம் அரிப்பதும் அதே சூட்சுமம்தான். அடியில் தங்குவது மட்டும் கல்லுக்குப் பதில் தங்கம். மணலைவிட ஏழு மடங்கு கனம் அது. மரத்தொட்டியில் மணலை அலசி அலசிக் கடைசியில் கறுப்பு இரும்பு மணலும் அதில் நாலைந்து மஞ்சள் பொட்டும் மிஞ்சும்.

ஃபுட் செய்தது இதுதான். தங்கம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், எந்த ஓடையில் கிடைக்கிறது, எந்த ஓடையில் கிடைக்கவில்லை, அந்தந்த ஓடை எந்தப் பாறைமேல் ஓடிவருகிறது என்று சேர்த்துப் பார்த்தார். ஒரே மலையிலிருந்து இறங்கும் ஓடைகள்தான். ஆனால் சொரட்டூர்ப் பக்கம் கரும்பச்சை நிறத்து ஒருவகைப் பாறைமேல் வரும் ஓடைதான் தங்கம் கொடுத்தது. மற்றவற்றில் சொல்லும்படி இல்லை. 1874இல் இதை அறிக்கையாக எழுதினார். கூடவே, இங்கே கிடைக்கும் அளவு ஒரு கம்பெனிக்குக் கட்டாது என்ற தம் அபிப்பிராயத்தையும் ஒளிக்காமல் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதக் பக்கம் லண்டன் முதலோடு சில கம்பெனிகள் தோண்டிப் பார்த்துச் சில வருஷங்களில் மூடிவிட்டுப் போயின. எச்சரிக்கை முப்பது வருஷம் முன்பே அச்சில் இருந்தது. அறிக்கையைப் படிக்காமல் பணம் போடுகிற வழக்கம் புதிதல்ல.

இதைவிடப் பெரிய கூத்து வயநாட்டில் நடந்தது. 1880 வாக்கில் வயநாட்டுத் தங்கம் என்று லண்டனில் ஒரு ஜுரம். டஜன் கணக்கில் கம்பெனிகள், லட்சக்கணக்கில் பவுன். காப்பித் தோட்டங்களை விலைக்கு வாங்கி, இயந்திரங்களை மலைமேல் ஏற்றினார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது. வயநாட்டிலும் வெங்கச்சங்கல் சரடுகள் இருந்தன, தங்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அவை ஊடுருவி நின்ற பாறை பெரும்பாலும் லால்பாக்கில் நாம் உட்காரும் ஜாதிப் பாறை. அதே வருஷங்களில் கோலாரும் கிட்டத்தட்டக் கைவிடப்படும் நிலையில்தான் இருந்தது. மைக்கேல் லாவெல் என்ற ஓய்வு பெற்ற ராணுவத்தார் (லாவெல் ரோடு இவர் பெயரில்தான்) 1870களில் உரிமம் வாங்கித் தோண்டி, பணம் போதாமல் பிறரிடம் ஒப்படைத்தார். பிறகு ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. முதலில் அவர்களுக்கும் நஷ்டம். 1880களின் நடுவில்தான் பழங்காலத்தார் தோண்டி விட்டிருந்த குழிகளுக்கு அடியில் நல்ல சரடு அகப்பட்டது. பிறகு நடந்தது ஊரறிந்த கதை.

கோலார்த் தங்கத்தைக் கண்டுபிடித்தவர் ஃபுட் அல்ல. அந்தப் பெருமை பெயர் தெரியாத பழைய காலத்துச் சுரங்கக்காரர்களைச் சேர்ந்தது. ஆனால் கோலார் ஏன் நின்றது, வயநாடு ஏன் விழுந்தது, கோலார் போல் வேறு எங்கே தேடலாம் என்ற கேள்விகளுக்கு விடை அதுவரை எவரிடமும் இல்லை.

காரணம் இது. அதுவரை தென்னிந்தியாவின் பழைய படிகப் பாறைகள் எல்லாவற்றையும் நைஸ் என்ற ஒரே பெயரில், ஒரே தொகுதியாகத்தான் கருதிவந்தார்கள். லால்பாக் பாறையைப் பாருங்கள். வெளிர் சாம்பல் நிறம், அதில் அலை அலையாகக் கறுப்புக் கோடு. அது நைஸ். இன்னொரு வகை, ஏடு ஏடாகப் பிரியும் கரும்பச்சைப் பாறை. அதை ஷிஸ்ட் என்பார்கள். நைஸ் என்ற பெரிய சமுத்திரத்தில் நீளநீளமான தீவுகள் போல, வடக்குத் தெற்காக, இந்தக் கரும்பச்சைப் பட்டைகள் கிடக்கின்றன. 1876இல் தென் மராட்டிய நாட்டைப் பற்றிப் பெரிய நூல் எழுதியபோது ஃபுட்டும் இரண்டையும் ஒன்றாகத்தான் சேர்த்து எழுதினார். 

1881–82இல் மைசூர் ராஜ்யத்துத் தங்கப் பகுதிகளில் ஒரு சுற்று வந்தார். பிறகு பெல்லாரி, அனந்தபூர் ஜில்லாக்கள். பட்டைக்குப் பட்டை அதே கரும்பச்சைப் பாறை, அதே இரும்புக்கல் அடுக்கு, அதே கூழாங்கல் படிவு. இவை நைஸோடு பிறந்தவை அல்ல, நைஸ் பாறைமேல் பிற்காலத்தில் படிந்தவை, பின்பு மடிந்து மடிந்து உள்ளே அமிழ்ந்தவை என்று அவருக்குப் பட்டது. பத்து வருஷம் முன்பு தாமே அச்சிட்ட கருத்தை மாற்றிக்கொண்டு, 1886இல் இந்தப் பாறைத் தொகுதிக்குத் தனியாகத் தார்வாட் என்று பெயரிட்டார். சர்க்கார் உத்தியோகத்தில் தாம் எழுதிய நோட்டைத் தாமே மறுத்து எழுத எத்தனை பேருக்கு மனசு வரும் என்று நம்மில் உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1887இல் மைசூர் சர்க்கார் கேட்டுக்கொண்டபடி ராஜ்யம் முழுவதும் தங்கம் இருக்கக்கூடிய நிலப்பகுதிகளைப் பார்த்து அறிக்கை கொடுத்தார். அதன் அடிப்படையில் தென்னிந்தியாவின் முக்கியத் தங்கப் பாறை தார்வாட் தொகுதிதான் என்று 1888, 1889இல் சர்வேயின் ஏட்டில் எழுதினார். கோலார்ப் பட்டை, டம்பளிலிருந்து சிக்கநாயக்கனஹள்ளி வரை போகும் பட்டை, சண்டூர்ப் பட்டை என்று பெயர் பெயராக வரைபடத்தில் போட்டார். தேடுகிறவன் எங்கே தேட வேண்டும் என்பது அப்போது தெரிந்தது. எங்கே தேட வேண்டாம் என்பதும்.

இந்தக் கரும்பச்சைப் பாறையில் மட்டும் உலோகம் ஏன் குவிந்தது? அவர் காலத்தில் இதற்கு விடை கிடையாது; பிறகு வந்த ஆராய்ச்சியை வைத்துச் சொல்கிறேன். சுமார் 290 கோடி முதல் 260 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது, கடலடியில் எரிமலைகள் இருந்தன. கரும்பச்சைப் பாறையில் பெரும்பகுதி அந்த எரிமலைக் குழம்பு உறைந்தது. எரிமலை வாயிலிருந்து வந்த இரும்பு கடல் நீரில் கரைந்து கிடந்தது. அந்த நாளில் காற்றில் பிராணவாயு கிடையாது, ஆகவே துருப்பிடிக்காமல் கரைந்தே இருந்தது. பிறகு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிராணவாயுவை விட, இரும்பு துருவாகப் படிந்தது. ஒரு அடுக்கு இரும்பு, ஒரு அடுக்கு சிலிக்கா என்று கல்யாண வீட்டு மைசூர்பாகும் பர்பியும் அடுக்கியது போல. பின்னாளில் மலை வெளியே தலைகாட்டியதும், மழைநீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, மிஞ்சியது 60 சதவிகிதத்துக்கு மேல் இரும்பு உள்ள ஹெமடைட். கடலடி வெந்நீர் ஊற்றுகளின் வாயில் கந்தகத்தோடு சேர்ந்து படிந்தது தாமிரம். சித்ரதுர்காவுக்குப் பக்கத்தில் இங்கலதாள் தாமிரம் இப்படி வந்ததுதான். தங்கத்தின் கதை கொஞ்சம் தாமதம். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பட்டைகள் அழுந்தி மடிந்தபோது ஆழத்திலிருந்து சூடான நீர் விரிசல்கள் வழியே மேலே ஏறியது. அதில் கந்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கம் வந்தது. இரும்பு மிகுந்த கரும்பாறை குறுக்கிட்டால் கந்தகம் இரும்போடு போய்விடும், தங்கம் தனியே நின்றுவிடும். நைஸில் அவ்வளவு இரும்பு இல்லை. லால்பாக் பாறையில் தங்கம் ஏன் இல்லை என்ற பேரன் கேள்விக்கு ஓரளவு விடை இதுதான்.

பெல்லாரி ஜில்லாவுக்கு ஃபுட் கொடுத்த உழைப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊருக்கு மேற்கே தாமிர மலை என்று ஒன்று. ஐதர் அலி காலத்தில் அங்கே செம்பு வெட்டியதாக ஒரு பேச்சு. பெயரில் இருந்த தாமிரம் மலையில் பெரிதாக இல்லை. ஆனால் அதை அடுத்த சண்டூர் மலைகளில் ஹெமடைட் இரும்புக்கல் அடுக்கடுக்காக, மைல் கணக்கில் நின்றது. 1895இல் வெளிவந்த அவருடைய பெல்லாரி நூலில் அந்த இரும்புப் படிவுகளை விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். அந்த மலைகளில் தோணிமலைச் சுரங்கத்தை என்.எம்.டி.சி. 1977இல் தொடங்கியது. பிறகு இரண்டாயிரத்துக்குப் பின் அங்கே நடந்த வரைமுறையற்ற வெட்டும், 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பெல்லாரிச் சுரங்கங்களை நிறுத்தியதும் செய்தித்தாளில் எல்லோரும் படித்ததுதான். சிவப்புத் தூசி படிந்த சண்டூர்ச் சாலையில் அந்த நாட்களில் ஒருமுறை காரில் போனேன். முன்னால் போகிற லாரி தெரியவில்லை. ஃபுட் குதிரையில் போன வழி அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே பெல்லாரியில் குன்று குன்றாகச் சாம்பல் மேடுகள் உண்டு. ராட்சசர்களை எரித்த இடம் என்று ஜனங்கள் சொல்வார்கள். படித்த துரைமார்களோ எரிமலைச் சாம்பல் என்றும் வேறு என்னவோ என்றும் வாதாடினார்கள். ஃபுட் சாம்பலைச் சோதனைக்கு அனுப்பி, இது மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல், கற்கால மனிதர் மாடு அடைத்து வைத்த இடம் என்ற முடிவுக்கு வந்தார். 1950களில் ஆல்சின் என்ற தொல்லியலாளர் உட்னூரில் தோண்டியபோது மாட்டுக் குளம்படித் தடங்களே கிடைத்தன. வறட்டி தட்டிய வீட்டில் வளர்ந்த நம்மவருக்கு உடனே புரிந்திருக்கக்கூடிய விஷயத்தை ஒரு வெள்ளைக்காரர் கண்டு சொல்ல வேண்டியிருந்தது.

1891இல் ஓய்வு பெற்றார். ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. பரோடா சமஸ்தானத்தில் கொஞ்ச காலம் நிலவியலாளர் வேலை. பின்பு 1894இல், அறுபது வயதில், மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து இங்கே பெங்களூரில் மைசூர் நிலவியல் துறையைத் தொடங்கி வைத்தார். அப்போது திவான் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டிலிருந்து வந்து 1883 முதல் 1901 வரை மைசூரை நிர்வகித்தவர், சேஷாத்ரிபுரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர். தங்கவயலின் வருமானம் சமஸ்தானத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் மின்சாரம் போய்ச் சேர்ந்ததும் பெங்களூருக்கு முன்பாகத் தங்கவயலுக்குத்தான். சொந்தமாக நிலவியல் துறை வைத்துக்கொண்ட சமஸ்தானங்கள் அன்று மிகக் குறைவு.

அடுத்த கட்டம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் ஸ்வாரஸ்யமானது. ஃபுட்டுக்குச் சில ஆண்டுகள் பின் துறைத் தலைமைக்கு வந்தவர் டபிள்யூ. எஃப். ஸ்மீத். கெட்டிக்காரர், ராஜ்யம் முழுவதையும் அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கியவர். லால்பாக் பாறைக்குத் தீபகற்ப நைஸ் என்ற பெயர் கொடுத்ததும் அவர்தான். அவர் ஃபுட்டின் வரிசையைத் தலைகீழாக்கினார். பல இடங்களில் நைஸ் உருகிய குழம்பாக வந்து கரும்பச்சைப் பாறைக்குள் நரம்பு நரம்பாகப் பாய்ந்திருப்பதைக் காட்டி, தார்வாட் பாறைதான் மிகப் பழையது, நைஸ் பிறகு வந்தது என்று 1916இல் எழுதினார். ஃபுட் தொடங்கிய துறையே ஃபுட்டின் முடிவைத் தள்ளுபடி செய்துவிட்டது. பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

இதில் ஏதோ பண்டிதர்களின் சண்டை என்று நினைக்க வேண்டாம். எது தரை, எது அதன்மேல் படிந்தது என்பது தெரிந்தால்தான் படிவு எவ்வளவு ஆழம் போகும், எங்கே மடிந்து மறுபடி தலைகாட்டும் என்று ஊகிக்கலாம். சுரங்கத்தில் ஒரு அடிக்கும் காசு.

ஸ்மீத்தின் கருத்து பல பத்தாண்டுகள் நிலைத்தது. அதே துறையில் பி. ராம ராவ் போன்றவர்கள் தார்வாட் பாறைகளில் கணிசமானவை நீரில் படிந்தவையே என்று 1930களிலும் 40களிலும் எடுத்துக் காட்டினார்கள். பாபா புதன் மலைப் பக்கம் கால்துர்காவில் ஒரு கூழாங்கல் பாறை இருக்கிறது. அந்தக் கூழாங்கற்களில் கிரானைட், நைஸ் வகைக் கற்களும் உண்டு. குழந்தைக்குள் பாட்டி இருக்க முடியாது, பாட்டி வீட்டுச் சாமான் குழந்தையிடம் இருக்கலாம். கூழாங்கல் முதலில் பாறையாக இருந்து, உடைந்து, உருண்டு, பிறகுதான் இன்னொரு பாறைக்குள் போக முடியும். ஆக நைஸ் முந்தியது. கதிரியக்க முறையில் வயது அளக்க ஆரம்பித்தபின் சந்தேகம் குறைந்தது. 1981இல் ஜே. சுவாமிநாத், எம். ராமகிருஷ்ணன் இருவரும் சர்வேக்காக எழுதிய பெரிய நூலில் கணக்கு நேர் செய்யப்பட்டது. மைசூருக்குத் தெற்கே சர்கூர் பக்கம் கிடக்கும் சில பட்டைகள் நைஸைவிடப் பழையவை அல்லது அதோடு சமகாலத்தவை; அங்கே ஸ்மீத் பார்த்தது நிஜம். ஆனால் மேற்குக் கர்நாடகத்தின் பெரிய தார்வாட் பட்டைகள் நைஸ் தரைமேல் படிந்தவை. அங்கே ஃபுட் சொன்னது சரி. ஒரு சுத்தியலும் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு 1886இல் சொன்னதை ஒத்துக்கொள்ள ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று.

அவர் தொடங்கிய துறையிலிருந்து வந்த பலன்களில் இரண்டு மட்டும் சொல்கிறேன். 1913இல் குதுரேமுக்கில் காந்த இரும்புக்கல் பெருமளவில் இருப்பதைக் கண்டவர் இந்தத் துறையின் பி. சம்பத் ஐயங்கார். அட்டையும் மழையும் நிறைந்த அந்தக் காட்டில் அந்த நாளில் போய் வந்ததே பெரிசு. அங்கே சுரங்கம் பல பத்தாண்டு கழித்து வந்து, காட்டை முன்னிட்டு உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2005 கடைசியில் நின்றது. இன்னொன்று, பத்ராவதி இரும்பாலை. விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியில் 1923இல் உற்பத்தி ஆரம்பித்த அந்த ஆலைக்குக் கெம்மண்ணுகுண்டியிலிருந்து வந்த கல்லும் தார்வாட் தொகுதிதான்.

தங்கவயலுக்கு நான் முதலில் போனது 1970களில். ஊர்காமில் எங்கள் அத்திம்பேர் கம்பெனி ஆபீசில் கணக்கராக இருந்தார். ரயிலை விட்டு இறங்கினால் காதில் விழுவது எல்லாம் தமிழ். ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள், பேரன்கள். பாறை அரைத்த சாம்பல் மேடுகள் மலை மாதிரி. ராத்திரி படுத்திருக்கும்போது தரை லேசாக அதிர்ந்தது. ஆழத்தில் பாறை வெடித்து நொறுங்குகிறது என்று அத்திம்பேர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தூக்கம் வரவில்லை. 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் 3, 4 கிராமுக்கு வந்துவிட்டது. 120 வருஷத்தில் சுமார் 800 டன் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அத்திம்பேர் அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளை இன்றும் அங்கிருந்து ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறான். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ரெய்ச்சூர் ஜில்லாவில் ஹட்டித் தங்கச்சுரங்கம் மட்டும் இன்றும் ஓடுகிறது. அதுவும் தார்வாட் ஜாதிக் கரும்பச்சைப் பட்டைதான். அங்கே ஆழத்தில் கிடைத்த பழைய மரத்துண்டைச் சோதித்ததில் சுமார் 2000 வருஷம் முன்பே நம்மவர்கள் அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஃபுட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வீடு கட்டிக்கொண்டு குடியிருந்தார். மாமனார் பெர்சிவல் இறுதிக் காலத்தில் இருந்த ஊரும் அதுவே. நாற்பது வருஷமாகச் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் அங்கே வைத்து எண் போட்டு, இன்ன ஊர், இன்ன ஓடைக்கரை என்று எழுதி வைத்தார். அந்தச் சேகரிப்பை 1904இல் மதராஸ் அருங்காட்சியகம் வாங்கியது. அதற்கான விவரப் பட்டியலைத் தயாரிப்பதே அவருடைய முதுமைக்கால வேலை. அச்சில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார், வயது 78. பட்டியல் 1914இலும், விளக்கக் குறிப்புகள் 1916இலும் வெளிவந்தன. ஸ்மீத் அவரை மறுத்து எழுதியதும் அதே 1916.

சில வருஷம் முன்பு குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தபோது ஹோலி டிரினிடி சர்ச்சில் அவருடைய நினைவுக்கல்லைப் பார்த்தேன். எல்லோரும் படகுத்துறைக்குப் போகும் அவசரத்தில் இருந்ததால் ஐந்து நிமிஷம்தான் கிடைத்தது. சென்னை உறுப்பினர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அவருடைய கற்களைப் பார்க்கலாம். பெங்களூருக்கு வருகிறவர்கள் லால்பாக் பாறைமேல் ஏறும்போது அந்தக் கல்வெட்டில் சாயாமல், ஒரு தடவை படித்துவிட்டு ஏறுங்கள். காலை எட்டு மணிக்குள் வந்தால் நான் அங்கேதான் இருப்பேன்.